ஒரே குட்டைல பல வகை தலைப்பிரட்டை: யார் யாரை நெருக்குதுன்னு நாமளே கண்டுபிடிக்கிறது எப்படி? முழு வழிகாட்டி

மழைக்குட்டைல கருப்பா மொய்ச்சிட்டு கெடக்குற தலைப்பிரட்டைங்களை பாத்தா "சாப்பாடு பத்தாம பாதி செத்துரும், மீதி பொழைச்சிக்கும்"னு சொல்லிட்டு போயிடுவோம். நடக்குறது பெரும்பாலும் அப்படி இல்லைங்க. பட்டினில நேரா சாகுற தலைப்பிரட்டை கம்மிதான். தீனி கொறைஞ்சா அதுங்க செய்யற காரியம் வளர்ச்சிய இழுத்தடிக்கிறது, அதாவது நாலஞ்சு வாரத்துல கால் மொளைச்சு கரை ஏற வேண்டியது இன்னும் சின்னதாவே தண்ணிலயே சுத்திக்கிட்டு இருக்கும், அந்த கூடுதல் நாளுக்குள்ள குட்டை காஞ்சிடும் இல்லனா தட்டான் புழு (தண்ணிக்குள்ள வளர்ற தட்டாம்பூச்சிக் குஞ்சு) புடிச்சு தின்னுட்டு போயிடும். சாவு வர்றது அந்த ரெண்டுல ஒண்ணால, ஆனா அதுல தள்ளிவிட்டது தீனிக்கு நடக்குற போட்டி.

அதனால போட்டி இருக்கா இல்லையான்னு பாக்கணும்னா செத்ததை எண்ணிப் பிரயோஜனம் இல்ல, சைஸையும் நாளையும் பாக்கணும். புதுச்சேரி, கடலூர் பக்கம் இருக்குற ஸ்கூல் டீச்சருங்க, விலங்கியல் படிக்கிற பசங்க, சும்மா மழைக்காலத்துல குட்டைய வேடிக்கை பாக்குற ஆளுங்க, யாரு வேணா செய்யலாம், லேப் தேவையில்ல.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல தவளைங்களும் வருது. தவளைக்கால் ஏற்றுமதியையே 1987ல நிறுத்திட்டாங்க. அதனால பாட்டில்ல புடிச்சு வீட்டுக்கு கொண்டு போயி வளக்குறதுக்கு இது வழிகாட்டி இல்ல. குட்டை ஓரத்துலயே உக்காந்து, டப்பால எடுத்து பாத்து, அஞ்சு நிமிஷத்துல அதே எடத்துல விட்டுடணும். தொட்டில வச்சு செய்யற சோதனைய பத்தி கீழ எழுதிருக்கேன், அது காலேஜ் மூலமா வனத்துறை அனுமதி வாங்குனவங்களுக்கு மட்டும்.

முதல் வேலை: சரியான குட்டைய தேடுறது

நம்ம ஊர்ல மழைக்காலம்னா அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும்தான். ஆனா ஆகஸ்ட், செப்டம்பர்ல சாயங்காலம் இடியோட ஒரு மழை கொட்டுச்சுன்னா அன்னிக்கு ராத்திரியே தவளைங்க கத்த ஆரம்பிச்சிடும். கத்துன ராத்திரிய நோட்ல குறிச்சி வச்சிக்குங்க, பின்னாடி நாள் கணக்கு போட அதுதான் ஆதாரம்.

எடத்துக்கு பஞ்சமே இல்ல. பாகூர் பக்கம் வயல் வரப்போரப் பள்ளம், ஊசுடு ஏரிக்கரைக்கு கீழ தேங்குற தண்ணி, கேப்பர் மலை செம்மண் குழி, ஆரோவில் பக்கம் மழை அரிச்ச பள்ளம், பண்ருட்டி முந்திரித் தோப்புக்குள்ள வண்டித்தடத்துல நிக்குற தண்ணி, ரோடு போட மண்ணெடுத்த குழி, எல்லாமே ஆகும்.

குட்டைய அழகு பாத்து எடுக்காதீங்க, எத்தனை நாள் தண்ணி நிக்கும்னு பாத்து எடுங்க. இதுல மூணு மாதிரி இருக்கு. ரெண்டு மூணு வாரம் மட்டும் நிக்குறது, ரெண்டு மூணு மாசம் நிக்குறது, வருசம் முழுக்க நிக்குறது. சீக்கிரம் காயுற பள்ளத்துல மீன் கிடையாது, பெரிய பூச்சிங்க வந்து வளர்றதுக்கும் நேரம் இல்ல, அதனால முட்டை போட்டது பூரா பொரிச்சி அங்கதான் நெருக்கடி உச்சத்துக்கு போகும். நடுவாந்தரமா நிக்குறதுல தட்டான் புழு, நீர்வண்டு, நீர்த்தேள் எல்லாம் வந்து கூட்டத்தை கொறைச்சி விடும். ஏரில மீன் இருக்கும், அங்க பொழைக்கிற வகையே வேற. ஆகவே மூணுலயும் ஒண்ணொண்ணு எடுத்தீங்கன்னா நல்லது, முடியலன்னா முதல் ரெண்டு போதும்.

பெரிய வெள்ளம் வந்த வருசத்தை தனியா வச்சிக்குங்க. 2024 நவம்பர் 30ந் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையேறினப்போ ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டுச்சு, அடுத்த ரெண்டு மூணு நாள்ல தென்பெண்ணைல வேற வெள்ளம். அந்த மாதிரி நேரத்துல ஏரியும் வாய்க்காலும் பள்ளமும் ஒண்ணா கலந்துடும், மீன் குஞ்சு எல்லாப் பள்ளத்துலயும் பூந்துடும். அதுக்கப்புறம் "இந்தக் குட்டைல தலைப்பிரட்டையே காணோமே"ன்னு போட்டி மேல பழி போடக்கூடாது.

ரெண்டாவது வேலை: யாரு எந்த மட்டத்துல இருக்காங்கன்னு பாக்குறது

இதுக்கு ஒரு தட்டையான கண்ணாடி மாதிரி டப்பா, ஒரு பெரிய டீ வடிகட்டி, கொஞ்சம் பொறுமை. வடிகட்டிய போடறதுக்கு முன்னாடி கரைல நிழல் விழாம உக்காந்து கால் மணி நேரம் சும்மா பாருங்க, ஏன்னா வடிகட்டிய உள்ள விட்ட உடனே எல்லாம் இடம் மாறிடும், அதுக்கப்புறம் யாரு எங்க இருந்தாங்கன்னு தெரியாது. முக்கால்வாசி பேரு இதை விட்டுட்டுத்தான் நேரா வடிகட்டிய எடுக்குறாங்க.

அடில, கரையோரமா, கூட்டம் கூட்டமா கரிக்கருப்பா சின்னதா இருக்குறது தேரைக் குஞ்சு. சொறித்தவளைன்னு சொல்றோமே அதுதான். முட்டைய ஜெல்லி கயிறு மாதிரி ரெண்டு சரமா போடும், செடிய சுத்தி இருக்கும். இதுங்க சேறு மேல படிஞ்ச பாசியையும் மக்கின இலையையும் சுரண்டித் தின்னும். வாயி கீழ்ப்பக்கம் பாத்து இருக்கும், சின்னச் சின்ன பல்லு வரிசையும் கருப்பு அலகும் லென்ஸ் வச்சா நல்லா தெரியும். ஒடம்புல கொஞ்சம் விஷம் இருக்குறதால நெறைய ஜந்துங்க இதை வாயில வச்சிட்டு துப்பிடும்.

நடுத் தண்ணில அந்தரத்துல தொங்குற மாதிரி நிக்குறது குறுவாய்த் தவளைக் குஞ்சு, மைக்ரோஹைலான்னு புக்ல போட்டிருக்கும். இதை பாத்தே ஆகணும். டப்பால ஒண்ணை விட்டு வெளிச்சத்துக்கு நேரா புடிங்க: ஒடம்பு கண்ணாடி மாதிரி, உள்ள சுருண்டு கெடக்குற குடல் பச்சையா தெரியும், வாலோட நுனி மட்டும் ஒரு நூல் மாதிரி விடாம துடிச்சிக்கிட்டே இருக்கும், மத்தபடி ஆள் அசையவே மாட்டான். வாயி முன்பக்கம் இருக்கும், பல்லும் கிடையாது அலகும் கிடையாது. தண்ணிய உள்ள இழுத்து அதுல மெதக்குற நுண்பாசியை வடிச்சித் தின்னும். அடில சுரண்டுறவனுக்கும் இவனுக்கும் ஒரே குட்டைதான், ஆனா சாப்பாட்டு எலை வேற வேற. மண்ணுக்குள்ள பூந்து கெடந்துட்டு முதல் பெரிய மழைக்கு வெளிய வர்ற பலூன் தவளையும் இதே குடும்பம்தான், அதோட குஞ்சும் வடிச்சித்தான் தின்னும். அப்போ மைக்ரோஹைலாவுக்கு உண்மையான போட்டி தேரைய விட பலூன் தவளையா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. நெறைய பேரு குட்டைல எது கூட்டமா இருக்கோ அதுதான் போட்டின்னு முடிவு கட்டுறாங்க, அது தப்பு, ஒரே மட்டத்துல ஒரே மாதிரி வாயோட இருக்குறதை தேடுங்க.

வயல் தவளைக் குஞ்சு அடிலயும் செடியோரத்துலயும் தனித்தனியா இருக்கும், மண் நெறம், திட்டுத் திட்டா புள்ளி. அசையாம இருந்தா தெரியாது. மரத்தவளையோடது கொஞ்சம் பெருசு, வால் துடுப்பு அகலமா இருக்கும். தண்ணிக்கு மேல செவுத்துலயோ கிளைலயோ வெள்ளை நுரைக் கூடு தெரிஞ்சா அதுக்கு நேர் கீழ பாருங்க, அதுல இருந்துதான் சொட்டும். வீட்டு சிமெண்ட் தொட்டி, பழைய சம்ப் இதுல எல்லாம் அதுங்கதான் ராஜா.

அப்புறம் பெரிய பச்சைத் தவளைக் குஞ்சு. வயல்ல மஞ்சளா மாறிக்கிட்டு கத்துமே அந்தத் தவளையோடது. இது வேற ஜாதி. பாசியோட நிக்காது, அடுத்த தலைப்பிரட்டைய தின்னும், சொந்தக்காரன்னும் பாக்காது. கீழ இருந்து வந்து தேரைக் குஞ்சை வயித்தோட கவ்வி, ஒரு உலுக்கு உலுக்கி, குடல் வெளிய வந்த உடனே அதை உறிஞ்ச ஆரம்பிக்கும், பாக்க சகிக்காது. டப்பால இதையும் மத்ததையும் சேத்து போட்டீங்கன்னா போட்டோ எடுத்து முடிக்கிறதுக்குள்ள ஒண்ணு கொறையும், அதனால இதுக்கு தனி டப்பா.

தார்வாட்ல கர்நாடக பல்கலைக்கழகத்துல சைதாபுர் குழு இந்த தேரைக் குஞ்சு, பச்சைத் தவளைக் குஞ்சு ரெண்டையும் வச்சி வருசக் கணக்கா வேலை பண்ணிருக்காங்க. தேரைக் குஞ்சு கூடப் பொறந்ததை அடையாளம் கண்டு அது பக்கத்துலயே ஒட்டிக்கும்னு அவங்க காமிச்சாங்க. ஒரே அம்மா போட்ட முட்டைங்க கூட்டமா சுத்துறது சும்மா பழக்கம் இல்ல. ஆனா கூட்டமா இருந்தா தீனியும் ஒரே எடத்துலதான் தீரும், அந்தக் கணக்கு அதுங்களுக்கு எப்படி கட்டுபடி ஆகுதுங்கறது தனியா ஒரு நல்ல ப்ராஜெக்ட்.

மூணாவது வேலை: எண்ணுறது

வடிகட்டிய போட்டு அள்ளி "நெறைய இருக்கு"ன்னு எழுதுறது கணக்கே இல்ல. பழைய பெயிண்ட் பக்கெட் ஒண்ணை எடுத்து அடிய அறுத்து தூக்கிடுங்க. வாய் அகலம் 30 சென்டிமீட்டர் இருக்குற பக்கெட்னா அது மூடுற பரப்பு சுமார் 0.07 சதுர மீட்டர். குட்டைல சட்டுனு குத்தி சேத்துல அழுத்திட்டு உள்ள மாட்டுனதை பூரா வடிகட்டில எடுத்து வகை வாரியா எண்ணுங்க. வந்த எண்ணிக்கைய 14ஆல பெருக்குனா ஒரு சதுர மீட்டருக்கு எத்தனைன்னு கெடைச்சிடும். கரையோரம், நடு, செடிப் பக்கம்னு குறைஞ்சது ஆறேழு எடத்துல குத்தணும். தேரைக் குஞ்சு கூட்டம் மேல ஒரு தடவை விழுந்தா எறநூறு வரும், அடுத்த தடவை பூஜ்யம் வரும், பயப்படாம ரெண்டையும் எழுதுங்க. எங்க கூட்டமா இருக்குன்னு பாத்து அங்கயே குத்துறதுதான் தப்பு.

குச்சில கோடு போட்டு குட்டை நடுல நட்டு வச்சிடுங்க. தண்ணி ஆழம் ஒவ்வொரு தடவையும் குறிக்கணும். எண்ணிக்கை மாறாமலே தண்ணி பாதியா கொறைஞ்சா நெருக்கடி ரெண்டு மடங்கு ஆயிடுச்சுன்னு அர்த்தம், இதை மறந்துட்டு வெறும் எண்ணிக்கைய வச்சி பேசுறவங்க அதிகம்.

நாலாவது வேலை: சைஸும் வளர்ச்சிக் கட்டமும்

இதுலதான் விஷயமே இருக்கு, அவசரப்படாதீங்க. தட்டை டப்பாவுக்கு அடில கிராஃப் பேப்பர் ஒட்டி வச்சி, ஒரு விரல் ஆழம் தண்ணி ஊத்தி, பத்து பதினஞ்சு குஞ்சை விட்டு நேர் மேல இருந்து போன்ல போட்டோ எடுங்க. வீட்டுக்கு வந்து கிராஃப் கட்டத்தை எண்ணி நீளம் எழுதிக்கலாம், ஜீவனை கையால தொட வேண்டியதே இல்ல. வாலையும் சேத்து மொத்த நீளம் எழுதறதை விட மூக்குல இருந்து ஒடம்பு முடியற வரைக்கும் எழுதுங்க, ஏன்னா வாலை பூச்சிங்க கடிச்சி பாதியா விட்டிருக்கும்.

வளர்ச்சிக் கட்டம் பாக்குறதுக்கு காஸ்னர் 1960ல போட்ட 46 படி அட்டவணைதான் உலகம் பூரா. முழுசும் மனப்பாடம் பண்ணத் தேவையில்ல. 26வது படில பின்னங்கால் மொட்டு தெரிய ஆரம்பிச்சிருக்கும், 37, 38 வாக்குல கால் விரல் பிரிஞ்சிருக்கும், 42ல முன்னங்கால் வெளிய வந்துடும், 46ல வால் போயி முழுத் தவளை. கால் மொட்டு, விரல், முன்னங்கால், வால், இந்த நாலை பிரிச்சா ஸ்கூல் லெவலுக்கு போதும்.

ரெண்டையும் சேத்து படிக்கணும். 1973ல வில்பர், காலின்ஸ்னு ரெண்டு பேரு சயின்ஸ் பத்திரிகைல ஒரு கணக்கு சொன்னாங்க: தலைப்பிரட்டை ஒரு குறைஞ்சபட்ச சைஸை தாண்டாம உருமாற முடியாது, தாண்டுனதுக்கு அப்புறம் எப்போ உருமாறணுங்கறது அன்னிக்கு அது எவ்ளோ வேகமா வளந்துக்கிட்டு இருக்குங்கறதை பொறுத்தது. நல்லா வளந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்து பெருசாகிட்டு போகும், வளர்ச்சி மந்தமானா கெடைச்ச சைஸோட கெளம்பிடும். அந்த குறைஞ்சபட்ச சைஸுக்கே வர முடியாம கெடக்குறதுதான் பரிதாபம், அதுங்கதான் கடைசில காஞ்ச சேத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். குட்டைல ஒரே நாள்ல பொரிச்ச குஞ்சுங்கள்ல சிலது பெருசா, பலது குட்டியா ரெண்டு தினுசா பிரிஞ்சி தெரிஞ்சா நெருக்கடி ஆரம்பிச்சாச்சுன்னு எடுத்துக்கலாம்.

வாரம் ரெண்டு தடவை போங்க, அதே நேரத்துக்கு போங்க. காலைல எட்டு மணிக்கும் மத்தியானம் ரெண்டு மணிக்கும் அதுங்க நிக்குற எடமே வேற.

யாரு முன்னாடி வந்தாங்க?

இதை தனி வேலையா சொல்ல வேண்டாம், ஆனா நோட்ல ஒரு பத்தி ஒதுக்குங்க. ஒரே வகை ஒரே எண்ணிக்கைதான், ஆனா பத்து நாள் முன்னாடி பொரிச்சது பஸ்ல துண்டு போட்டு சீட்டு புடிச்ச மாதிரி உக்காந்துடும். பெருசா ஆனவன் பாசிய தீத்துடுவான், பின்னாடி வர்ற முட்டையையே சில வகை தின்னுடும். ஆனா எப்பவும் முந்துனவன் ஜெயிப்பான்னும் சொல்ல முடியாது. முதல் மழைக்கு முட்டை போட்டு அடுத்த மழை ரெண்டு வாரம் தள்ளிப்போனா அந்த முட்டை பூரா காலி. ஆகஸ்ட் மழைய நம்பி எறங்குறவனுக்கு இந்த ரிஸ்க் இருக்கு, அக்டோபருக்கு காத்திருக்குறவனுக்கு கூட்டத்துல மாட்டுற ரிஸ்க். வருசத்துக்கு வருசம் மழை மாறுறதால ஒரு வருசம் இவன், ஒரு வருசம் அவன்னு மாறி மாறி வரும், எவனும் முழுசா அழிய மாட்டான். எல்லா வகையும் இன்னமும் நம்ம ஊர்ல இருக்குறதுக்கு இது ஒரு பெரிய காரணம்னு நான் நெனைக்கிறேன்.

அஞ்சாவது வேலை: தின்னுறவனை கணக்குல சேக்குறது

வேட்டைக்காரனை விட்டுட்டு போட்டிய மட்டும் பாத்தா கதை தலைகீழா வரும். 1983ல பீட்டர் மோரின் அமெரிக்கால மாட்டுத்தொட்டி மாதிரி பெரிய தொட்டிங்கள்ல ஆறு வகை தலைப்பிரட்டைய விட்டு, சில தொட்டில மட்டும் நியூட்னு ஒரு வாலுள்ள நீர்வாழ்வனையும் விட்டாரு. நியூட் இல்லாத தொட்டில வேகமா தின்னு வேகமா வளர்றவன் எல்லாரையும் நெருக்கிட்டான், நியூட் நெறைய இருந்த தொட்டில அந்த பலசாலிதான் நெறைய மாட்டுனான், போட்டில சப்பையா இருந்த சின்ன வகை அங்க நல்லா பொழைச்சி வந்துச்சு. பரபரன்னு சுத்தி தின்னுறவன்தான் தீனில ஜெயிப்பான், அந்த பரபரப்புதான் அவனை வேட்டைக்காரன் கண்ணுல காட்டியும் குடுக்கும். ரெண்டுலயும் ஒருத்தனே கெட்டிக்காரனா இருக்க முடியாது.

நம்ம குட்டைல அந்த நியூட் எடத்துல தட்டான் புழுவும் பச்சைத் தவளைக் குஞ்சும் இருக்கு. பக்கெட்ல மாட்டுற பூச்சியையும் எண்ணி எழுதுங்க. இன்னொரு நுணுக்கம்: தட்டான் புழு பக்கத்துல இருந்தா அது யாரையும் தின்னாம இருந்தாலும் தண்ணில கலக்குற அதோட வாசத்துக்கே தலைப்பிரட்டைங்க அசைவை கொறைச்சிக்கும், தின்றதும் கொறையும், நாள் போகப் போக வால் துடுப்பும் அகலமாகும். அப்போ வளர்ச்சி மந்தமா இருக்குறது நெருக்கடியாலயா பயத்தாலயான்னு எப்படி பிரிக்கிறது? கூட்டம் கம்மியா, ஆனா தட்டான் புழு அதிகமா இருக்குற குட்டை ஒண்ணை தேடிப் புடிச்சி பக்கத்துல வச்சி பாருங்க. அதுலயும் குட்டியாவே இருந்தா பயம்னு ஒரு பக்கம் சாயலாம்.

ஆறாவது வேலை: தொட்டிச் சோதனை, அனுமதி இருக்குறவங்களுக்கு

குட்டைல எவ்ளோ பாத்தாலும் "ஒருவேளை இந்தக் குட்டைல பாசியே கம்மியோ"ன்னு ஒரு சந்தேகம் நிக்கும். அதை ஒடைக்கத்தான் தொட்டி. காலேஜ்ல எக்கச்சக்கமா பாக்குற ப்ராஜெக்ட் என்னன்னா ஒரு தொட்டில தேரை மட்டும், இன்னொண்ணுல தேரையும் வயல் தவளையும், முடிஞ்சது. இதுல ஒண்ணுமே தெரியாது, ஏன்னா ரெண்டாவது தொட்டில வகையும் கூடிடுச்சு எண்ணிக்கையும் கூடிடுச்சு, எதனால வளர்ச்சி கொறைஞ்சதுன்னு யாரு சொல்றது?

சரியான ஏற்பாடு இது. ஒரு வகைய அ, இன்னொண்ணை ஆன்னு வச்சிக்கலாம். அ மட்டும் 10, அ மட்டும் 20, ஆ மட்டும் 10, ஆ மட்டும் 20, அப்புறம் அ 10 கூட ஆ 10. அஞ்சு ஏற்பாடு, ஒவ்வொண்ணும் நாலு தொட்டி, மொத்தம் இருபது தொட்டி, ஒவ்வொரு வகைலயும் 160 குஞ்சு வேணும். தேரை ஒரு தடவைக்கு ஆயிரக் கணக்குல முட்டை போடும், அதனால ஒரே முட்டைச் சரத்துல இருந்து கொஞ்சம் எடுத்தாலே வந்துடும், ஆனா ரெண்டு மூணு சரத்துல இருந்து கலந்து எடுக்கறது நல்லது, இல்லனா கூடப் பொறந்ததுங்களோட கதை மட்டும்தான் தெரியும்.

தொட்டி எல்லாம் ஒரே அளவு, ஒரே ஆழம் தண்ணி. கடலோரத் தெருவுல இருக்குறவங்க போர் தண்ணி ஊத்தாதீங்க, உப்பா இருக்கும், மழைத்தண்ணி புடிச்சி வைங்க. குழாய்த் தண்ணின்னா குளோரின் போக ஒரு நாள் தெறந்து வைக்கணும். தீனிக்கு வேகவச்ச கீரை, எல்லாத் தொட்டிக்கும் ஒரே எடை, 20 இருக்குற தொட்டிக்கு ரெண்டு மடங்கு போட்டீங்கன்னா சோதனையே செத்துச்சு. யூரியா போட்ட வயல் தண்ணிய கொண்டு வராதீங்க. தொட்டிய வரிசையா அடுக்காம சீட்டு குலுக்கி எடம் மாத்தி வைங்க, இல்லனா வேப்பமர நிழல் விழுற பக்கம் பூரா ஒரே வகை வந்து உக்காந்துடும். மேல கொசுவலை கட்டுங்க, தட்டான் வந்து முட்டை போடாம இருக்கும். கால் மொளைக்கிற நேரத்துல ஏறி உக்கார ஒரு கல்லு வைக்கணும், இல்லனா முன்னங்கால் வந்தது மூச்சு வாங்க எடம் இல்லாம மூழ்கி செத்துரும்.

ஏழாவது வேலை: வந்த முடிவை படிக்கிறது

அ 10 தொட்டில நல்லா வளருது, அ 20 தொட்டில சின்னதா போகுதுன்னா தன் இனத்துக்குள்ள நெருக்கடி இருக்கு. இப்போ கலந்த தொட்டில இருக்குற அ எப்படி இருக்குன்னு பாருங்க, அங்கயும் மொத்தம் 20தான். அது அ 20 தொட்டில இருக்குறதை விட பெருசா இருந்தா, பக்கத்து வகைய விட சொந்த வகைதான் அதுக்கு ஜாஸ்தி தொந்தரவு. ஆ பக்கமும் அதே மாதிரி வந்துச்சுன்னா ரெண்டும் சேந்து வாழ முடியுங்கறதுக்கு நல்ல அறிகுறி, ஏன்னா எந்த வகை கூட்டம் கூடுனாலும் அது மொதல்ல தன்னைத்தான் கட்டுப்படுத்திக்கும், அடுத்தவனை முழுசா வெளிய தள்ள முடியாது. தேரையும் மைக்ரோஹைலாவும் வச்சி செஞ்சா இந்த மாதிரிதான் வரும்னு வாயைப் பாத்தே எதிர்பாக்கலாம்.

அ ரொம்ப சின்னதாகி ஆ மட்டும் கலந்த தொட்டில கொழுத்துச்சுன்னா ஆ நெருக்குறவன். ரெண்டும் 20 தொட்டிய போலவே இருந்துச்சுன்னா ரெண்டு பேரும் தீனி விஷயத்துல ஒருத்தருக்கொருத்தர் சமம், வகைய விட தலைக்கணக்குதான் முக்கியம்.

ஒரே வாயோட ஒரே எடத்துல மாட்டுறவங்க என்னதான் பண்ணுவாங்கன்னு கேட்டா, அமெரிக்க பாலைவனக் குட்டைல இருக்குற மண்வெட்டிக்கால் தவளைங்களை சொல்லலாம். அதுங்களோட தலைப்பிரட்டை, இறால் மாதிரி இருக்குற சின்ன நீர் ஜந்துவ தின்னா தாடை பெருசாகி மாமிசபட்சிணியா மாறிடும், மத்தது சாதா குஞ்சாவே இருக்கும். ரெண்டு வகை தனித்தனி குட்டைல இருக்கும்போது ரெண்டும் ரெண்டு மாதிரியும் ஆகும். ஒரே குட்டைல மாட்டுனா ஒரு வகை பெரும்பாலும் மாமிசப் பக்கம் போயிடும், இன்னொண்ணு சாதாவாவே நின்னுக்கும். இதை டேவிட் ஃபெனிக்கும் கூட்டாளியும் 2000த்துல எழுதினாங்க.

தொட்டி முடிவை அப்படியே குட்டைக்கு தூக்கிட்டு போகாதீங்க. கூட்டமான தொட்டித் தண்ணிலயே வளர்ச்சிய தடுக்குற ஏதோ இருக்குன்னு 1958லயே ரிச்சர்ட்ஸ் கண்டாரு. பிரிட்டன்ல பின்னாடி பீபீங்கறவர் அது மலத்துல பெருகுற புரோட்டோதீக்காங்கற நிறமில்லாத நுண்பாசியோட வேலைன்னு காமிச்சாரு, பெரிய வகையோட மலத்தை தின்னுற சின்ன வகை அதால வளராம போகும். ஆனா 1989ல பெட்ராங்கா இயற்கைக் குளங்கள்ல தேடிப் பாத்தப்போ அந்த மாதிரி தடுப்பு அபூர்வமாத்தான் சிக்குச்சு. சின்னத் தொட்டில நெருக்கமா வச்சா அது பூதாகாரமா தெரியும். மூணு நாளைக்கு ஒருக்கா பாதித் தண்ணிய மாத்துனா இந்தக் குழப்பம் பெரும்பாலும் வராது.

கொசுப்புழு பத்தி ஒரு வார்த்தை

குட்டைய எட்டிப் பாத்தாலே "டெங்கு வரும், மருந்து அடிங்க"ன்னு தெருவுல யாராவது வருவாங்க. தலைப்பிரட்டையும் கொசுப்புழுவும் ஒரே நுண்ணுயிரையும் பாசியையும் தின்னுறதால அதுங்களும் போட்டியாளருங்கதான். ஆஸ்திரேலியால மோகனி, ஷைன் 2003ல செஞ்ச சோதனைல தலைப்பிரட்டை கூட வளந்த கொசுப்புழு நல்லா வளரல, பொழைச்சது கம்மி. அதுக்காக தலைப்பிரட்டை இருந்தா கொசுவே வராதுன்னு அவங்களுக்கு வாக்கு குடுத்துடாதீங்க. ஆனா கொசுவுக்குன்னு கம்பூசியா மீனைக் கொண்டு வந்து மழைக்குட்டைல விடுறாங்க பாருங்க, அது தலைப்பிரட்டையோட வாலையும் கடிச்சி காலி பண்ணும். அந்தக் குட்டைய உங்க கணக்குல இருந்து எடுத்துடுங்க.

கடைசிக் கட்டம்

முன்னங்கால் வந்ததும் அதுங்க தின்றதை நிறுத்திடும், வாய் உருமாறிக்கிட்டு இருக்கும், வாலைக் கரைச்சி அதுலதான் ஓட்டும். அப்போ எடை கொறையும், அதை நோய்னு நெனைச்சிடாதீங்க. கரை ஏறுற நாளும் அன்னிக்கு ஒடம்பு நீளமும்தான் உங்க கணக்குக்கு கடைசி ரெண்டு எண். தேரைக் குஞ்சு ஒரு சென்டிமீட்டர் வாக்குல இருக்கும்போதே கரை ஏறிடும், மழை தூறுற காலைல குட்டையோரம் நடக்கும்போது காலடில பூரா அதுங்களா இருக்கும், பாத்து மிதிங்க. சின்னதா ஏறுனது சீக்கிரம் காய்ஞ்சு போறதும் எறும்புக்கு எரையாகறதும் ஜாஸ்தி.

குட்டை காயப் போகுது, உள்ள நூத்துக் கணக்குல மாட்டிருக்கு, அள்ளி ஏரில விட்டுடலாமான்னு பசங்க கட்டாயம் கேப்பாங்க. விடாதீங்க. ஏரில மீன் இருக்கு, அங்க போனா பொழைக்காது. அதோட ஒரு குட்டைல இருக்குற நோய்க்கிருமிய இன்னொண்ணுக்கு தூக்கிட்டு போற வேலையும் ஆகும், அதே காரணத்துக்காகத்தான் ஒரு குட்டைல போட்ட வடிகட்டி, பக்கெட், செருப்பு எல்லாத்தையும் வெயில்ல நல்லா காய வச்சிட்டு அடுத்த குட்டைக்கு போகச் சொல்றாங்க. மனசு கேக்கலன்னா அதே குட்டைல ரெண்டு குடம் மழைத்தண்ணி ஊத்துங்க, ஊத்துன தேதியையும் அளவையும் நோட்ல எழுதிட்டு அந்தக் குட்டைக்கு பக்கத்துல ஒரு நட்சத்திரம் போட்டுடுங்க, கடைசில கணக்கு போடும்போது அதை தனியா வச்சி போடணும்.